தீபாவளிக்குக் காகித ஆகாய விளக்கு: செய்முறையும் கவனிக்க வேண்டியவையும்

ஹைதராபாத்: தீபாவளியையொட்டி வீட்டு வாசலிலும் பால்கனியிலும் தொங்கவிடப்படும் காகித விளக்குக்கூடுகளைச் சிறுவர்களும் வீட்டிலேயே செய்துவிட முடியும். தாள், கத்தரிக்கோல், பசை ஆகியவையே இதற்குப் போதும். ஆனால், கூட்டினுள் வைக்கப்படும் ஒளியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அலங்காரமே தீ விபத்துக்குக் காரணமாகிவிடும்.

ஆகாய தீபத்தின் மரபு

தெலுங்கு நாட்டுக் கோயில்களில் தீபாவளிக்கு மறுநாள் தொடங்கும் கார்த்திக மாதத்தில், துளையிட்ட பாத்திரத்தினுள் விளக்கேற்றி அதைக் கொடிமரத்தின் உச்சிக்கு ஏற்றுவர். இது ஆகாச தீபம் எனப்படுகிறது. மறைந்த முன்னோருக்கு வழிகாட்டும் ஒளி என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. கடலோரக் கர்நாடகத்தில் கூடு தீபம் என்றும், மராட்டியத்திலும் கோவாவிலும் ஆகாஷ் கந்தில் என்றும் இதே மரபு மூங்கிலும் காகிதமும் கொண்டு வீடுகளில் தொடர்கிறது. மும்பை மாகிம் பகுதியில் இவ்விளக்குகள் விற்கப்படும் தெருவுக்குக் கந்தில் கல்லி என்றே பெயர்.

1956ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பு வரை மராத்வாடா பகுதி ஹைதராபாத் மாநிலத்துடன் இருந்தது. மராத்தி பேசும் குடும்பங்கள் இன்றும் ஹைதராபாத் நகரில் வாழ்கின்றன. கந்திலுக்குத் தேவையான மூங்கில் குச்சியும் மெல்லிய வண்ணத்தாளும் நகரத்திற்குப் புதியவை அல்ல. சங்கராந்திக்காகப் பட்டம் செய்யும் தூல்பேட், மங்கள்ஹாட் பகுதிக் கைவினைஞர்கள் பயன்படுத்துவதும் இவற்றையே.

தெர்மாகோலுக்குத் தடை

அலங்காரத்திற்கான தெர்மாகோல், பிளாஸ்டிக் கொடிகள் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பொருள்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை நடைமுறையில் உள்ளது. தெர்மாகோல் மட்குவதில்லை, எரிந்தால் அடர்ந்த கரும்புகையை வெளிவிடும். இவ்வகை அலங்காரங்களுக்கு எளிய மாற்றாக விளங்குவது காகிதம்.

எளிய விளக்குக்கூடு

* ஏ4 அளவுள்ள வண்ணத்தாளை நீளவாக்கில் இரண்டாக மடிக்க வேண்டும்.
* மடிப்பு விளிம்பிலிருந்து எதிர் விளிம்பை நோக்கி 1.5 செ.மீ. இடைவெளியில் நேராக வெட்ட வேண்டும். எதிர் விளிம்பில் 2 செ.மீ. அளவு வெட்டாமல் விடுவது முக்கியம்.
* தாளை விரித்து, வெட்டுகள் செங்குத்தாக அமையும்படி உருளையாகச் சுருட்டி ஓரத்தை ஒட்ட வேண்டும்.
* மஞ்சள் தாளொன்றை 17 செ.மீ. உயரத்திற்கு நறுக்கி, சற்றே சிறிய உருளையாக்கி உள்ளே செருக வேண்டும். இரண்டின் மேல் விளிம்புகளையும் கீழ் விளிம்புகளையும் சேர்த்து ஒட்டினால், வெளித்தாள் நடுவில் புடைத்துக் கூடு போன்ற வடிவம் பெறும்.
* 2 செ.மீ. அகலமுள்ள தாள் பட்டையை மேலே பிடியாக ஒட்டலாம். கீழ் விளிம்பில் வண்ணத்தாள் குஞ்சங்களைச் சேர்க்கலாம்.

மூங்கில் நட்சத்திரம்

சற்றே பொறுமை உள்ளவர்கள் நட்சத்திர விளக்கை முயலலாம். ஒரே நீளமுள்ள 10 மூங்கில் குச்சிகளைக் கொண்டு, ஐந்து முனை நட்சத்திரச் சட்டங்கள் இரண்டைக் கட்ட வேண்டும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் நூலால் பிணைக்க வேண்டும். பிறகு, குச்சிகள் குறுக்கிடும் ஐந்து உட்புள்ளிகளில் இரு சட்டங்களுக்கும் இடையே சிறு குச்சிகளை நிறுத்தினால் நட்சத்திரம் பருமன் பெறும். இதன்மீது பட்டத்தாளை மைதாப் பசையால் ஒட்டி, விளக்கை உள்ளே வைக்கவும் எடுக்கவும் ஒரு பக்கத்தில் திறப்பு விட வேண்டும். மூங்கிலைச் சீவும் வேலையைப் பெரியவர்களே செய்வது நல்லது.

ஒளி எது?

காகிதக் கூட்டினுள் அகல் விளக்கையோ மெழுகுவர்த்தியையோ வைக்கக் கூடாது. காகிதம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் தீப்பற்றக்கூடியது. மெழுகுவர்த்திச் சுடரின் வெப்பமோ 1,000 டிகிரியைக் கடக்கும். காற்றில் கூடு சற்றே சாய்ந்தாலும் தீப்பற்றிவிடும். இழை பல்புகளும் அதிகம் சூடாகும் என்பதால், மின்கலத்தில் இயங்கும் சிறு எல்இடி விளக்குகளே பாதுகாப்பானவை. காப்புறை கிழிந்த மின்கம்பிகளைப் பயன்படுத்தக் கூடாது. தரையில் ஏற்றும் அகல்களுக்கு நேர் மேலேயும், பட்டாசு வெடிக்கும் இடத்திற்கு அருகிலும் காகிதத் தோரணங்களைத் தொங்கவிடுவதைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஐப்பசி மழைக்காலம் என்பதால், கூரையின் கீழ் நனையாத இடமே விளக்குக்கு ஏற்றது.

பண்டிகைக்குப் பின்

மினுமினுப்புத் தூளும் பளபளக்கும் மேலுறைத் தாளும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை சேர்ந்த காகிதத்தை மறுசுழற்சி செய்வது கடினம். அவற்றுக்குப் பதிலாக வண்ணத்தாள் துண்டுகளையே ஒட்டினால், பண்டிகை முடிந்ததும் எல்இடியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, தாளை உலர் கழிவாகப் பிரித்து அளிக்கலாம். மூங்கில் சட்டத்தைப் பத்திரப்படுத்தினால் அடுத்த தீபாவளிக்குப் புதிய தாளை ஒட்டுவது மட்டுமே வேலையாக இருக்கும்.