மைசூர் மன்னரும் ஐரோப்பிய இசைத்தட்டுகளும்

சேலம், நாமக்கல் சமவெளியில் இருக்கும் நமக்கு மைசூர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். கிருஷ்ணராஜசாகரத்தில் எத்தனை அடி, மேட்டூருக்கு எத்தனை கன அடி என்று ஆடி மாதம் பிறந்ததும் நாளிதழைப் புரட்டும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. அதற்கும் முந்தைய உறவு ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிக்க தேவராயர் காலத்தில் மைசூரின் கைக்குள் வந்த சேலம் சீமை, ஹைதரையும் திப்புவையும் கண்டு, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கும்பினியாரிடம் கைமாறியது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நம் முன்னோர் மைசூருக்கு வரி கட்டியவர்கள். அந்த அரச மரபின் கடைசி மன்னர், மேற்கத்தியச் செவ்வியல் இசையின் வரலாற்றில் யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார் என்பதை நம் இலக்கிய வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஜெயசாமராஜேந்திர உடையார் 1919இல் பிறந்தவர். தமிழ்நாட்டில் அவரை நினைவு வைத்திருப்பவர்கள் 1964 முதல் 1966 வரை சென்னை மாநில ஆளுநராக இருந்தவர் என்றே நினைவு வைத்திருக்கிறார்கள். மொழிப்போர் நடந்த ஆண்டுகள் அவை. கர்நாடக சங்கீத ரசிகர்களுக்கு அவர் ‘ஸ்ரீவித்யா’ முத்திரையுடன் 94 கிருதிகள் இயற்றிய வாக்கேயக்காரர். இளமையில் அவர் கண்ட கனவோ வேறு. பியானோ கலைஞராக மேடையேற வேண்டும் என்பதே அவருடைய ஆசை. 1940இல் ஒரே ஆண்டில் தந்தையும், பெரியப்பாவான நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் காலமாக, 21 வயதில் சிங்காதனம் ஏறினார். பியானோ கலைஞர் அத்தோடு முடிந்தார். ரசிகர் மிஞ்சினார். அந்த ரசிகரிடம் சுமார் 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு.

மன்னரின் மனத்தைக் கவர்ந்தவர் பீத்தோவனோ மொஸார்ட்டோ அல்லர். நிகோலாய் மெட்னர் என்னும் ரஷ்யர். 1880இல் மாஸ்கோவில் பிறந்து, 1921இல் நாட்டை விட்டு வெளியேறி, 1930களின் நடுவில் லண்டனில் குடியேறியவர். ராக்மனினாஃபின் நெருங்கிய நண்பர். ராக்மனினாஃப் தம் நான்காம் பியானோ கான்செர்ட்டோவை மெட்னருக்குச் சமர்ப்பித்தார். மெட்னர் தம் இரண்டாவதை ராக்மனினாஃபுக்குச் சமர்ப்பித்தார். இருவருமே காலம் கடந்து பிறந்த ரொமாண்டிக்குகள். ஸ்ட்ராவின்ஸ்கியும் ஷோன்பெர்க்கும் இசையின் இலக்கணத்தையே கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, மெட்னர் அந்தப் போக்கைக் கண்டித்து 1935இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். இத்தகைய பிடிவாதத்துக்கு உலகம் தரும் பரிசு நமக்குத் தெரிந்ததே. ராக்மனினாஃபுக்காவது அமெரிக்க மேடைகள் இருந்தன. மெட்னருக்கு அதுவும் இல்லை. போர் வந்ததும் ஜெர்மன் பதிப்பாளரிடமிருந்து வந்துகொண்டிருந்த வருமானம் நின்றது, உடல்நலமும் குன்றியது.

இந்த நிலையில்தான் மைசூரிலிருந்து உதவி வந்தது. மெட்னரின் படைப்புகள் அனைத்தையும் அவரே வாசிக்க ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று மன்னர் விரும்பினார். அதற்கென லண்டனில் ‘மெட்னர் சொசைட்டி’ உருவாயிற்று. எச்.எம்.வி. நிறுவனத்தின் தயாரிப்பாளர் வால்டர் லெக் பொறுப்பேற்றார். 1947இல் இசாய் டோப்ரோவென் நடத்த, ஃபில்ஹார்மோனியா வாத்தியக் குழுவுடன் மெட்னர் தம் இரண்டாம், மூன்றாம் கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்தார். முதலாவதை ஜார்ஜ் வெல்டன் நடத்தினார். பாடல்கள் சிலவற்றை எலிசபெத் ஷ்வார்ஸ்கோப்ஃப் பாட, மெட்னரே பியானோவில் உடன் வாசித்தார். அப்போது அவருக்கு 67 வயதுக்கு மேல். மூன்றாம் கான்செர்ட்டோவை அவர் மைசூர் மன்னருக்கே சமர்ப்பித்தார். எல்லாவற்றையும் பதிவு செய்வது என்ற திட்டம் நிறைவேறவில்லை; மூன்று தொகுதிகள் வெளிவந்த நிலையில் 1951 நவம்பரில் மெட்னர் காலமானார்.

அக்காலத்து 78 சுழல் தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு, நாலரை நிமிடங்களே அடங்கும். அரைமணி நேரத்துக்கு மேல் ஓடும் ஒரு கான்செர்ட்டோவை எட்டு, ஒன்பது பக்கங்களாக அறுத்துத்தான் பதிய வேண்டும். மெட்னரின் மூன்றாம் கான்செர்ட்டோவோ பகுதிகளுக்கிடையே நிற்காமல் ஓடுவது. நிறுத்தமே இல்லாத இசையை நிறுத்தி நிறுத்தி வாசித்திருக்கிறார் அந்த முதியவர். இன்று ஒட்டிச் சேர்க்கப்பட்ட வடிவில் கேட்கும்போது அந்தத் தையல் நம் காதுக்குப் புலப்படுவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தத் தட்டுகளின் மூலப்பொருள் அரக்கு. அரக்குப் பூச்சியின் தேசம் இந்தியா. பொருளும் இங்கிருந்து போயிற்று, பணமும் இங்கிருந்து போயிற்று.

வால்டர் லெக் மைசூர் வந்து அரண்மனையில் சில வாரம் தங்கியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். முப்பது வயது நிரம்பாத மன்னர், பிரமிக்க வைக்கும் இசைத்தட்டு நூலகம், பெரிய பியானோக்கள், ஒலிபெருக்கிகள். திரும்பும்போது மெட்னருக்கான பணத்தோடு இன்னொரு வாக்குறுதியும் அவர் கையில் இருந்தது. ஃபில்ஹார்மோனியா குழுவை நிலைநிறுத்த, ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவி. அன்றைய மாற்று விகிதத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,33,000 ரூபாய். 1945இல் லெக் தொடங்கிய அக்குழு, அரசு உதவி பெற்ற பிற குழுக்களுக்கு நடுவே தத்தளித்துக்கொண்டிருந்தது. 1949இல் கரயான் நடத்த அக்குழு பதிந்த பலாக்கிரெவின் முதல் சிம்பொனியும் ரூசெலின் நான்காம் சிம்பொனியும் மன்னரின் ரசனையில் விளைந்த தேர்வுகள். சந்தை கேட்டுப் பதிந்தவை அல்ல அவை.

நம் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணர், அவன் தந்த பரிசிலை உண்டு மகிழ்ந்த தம் சுற்றத்தார் ஆடலையும் பாடலையுமே மறந்துபோனதாகப் புறநானூற்றில் சொல்கிறார். புரவலரின் கொடை மிகுந்தால் கலை ஓய்ந்துவிடும் என்ற மெல்லிய கேலி அதில் இருப்பதாக நமக்குத் தோன்றும். மெட்னர் விஷயத்தில் நேர்மாறு. வாசிப்பதையே கைவிட வேண்டிய நிலையில் இருந்தவரைப் பரிசில் மீண்டும் பியானோ முன் உட்கார வைத்தது.

இனி ரிச்சர்ட் ஸ்ட்ராஸுக்கு வருவோம். 1948இல், 84 வயதில், அவர் குரலுக்கும் முழு வாத்தியக் குழுவுக்குமாக நான்கு பாடல்கள் எழுதினார். மூன்று ஹெர்மன் ஹெஸ்ஸேயின் கவிதைகள். திருலோக சீதாராமின் மொழிபெயர்ப்பில் ‘சித்தார்த்தன்’ வழியே தமிழில் நாம் அறிந்த அதே ஹெஸ்ஸே. நான்காவது ஐகென்டார்ஃபின் கவிதை. 1949 செப்டம்பரில் ஸ்ட்ராஸ் இறந்தார். பாடல்களை அவர் மேடையில் கேட்கவே இல்லை. 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ஃபுர்ட்வெங்லர் ஃபில்ஹார்மோனியாவை நடத்த, கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட் அவற்றை முதன்முதலாகப் பாடினார். அந்நிகழ்ச்சிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் அளித்தவர் ஜெயசாமராஜேந்திரர். இன்றைக்குச் சொல்ல அற்பமாக இருக்கும், அன்று சுமார் 23,000 ரூபாய். அவரால் நேரில் போக முடியவில்லை. பாடல்களைத் தட்டில் பதிந்து மைசூருக்கு அனுப்ப வேண்டும் என்பதே அவர் விரும்பிய கைம்மாறு.

அந்த மேடையில் நின்றவர்களின் பின்னணியை மறைப்பதற்கில்லை. ஸ்ட்ராஸ் 1933 முதல் 1935 வரை நாஜி அரசின் இசைச் சபைக்குத் தலைவராக இருந்தவர். ஃபுர்ட்வெங்லர் ஹிட்லரின் ஜெர்மனியிலேயே தங்கி, போருக்குப்பின் விசாரணையைச் சந்தித்தவர். 1941இல் ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்வேக்குத் திரும்பியதற்காக ஃப்ளாக்ஸ்டாடும் கடும் கண்டனத்துக்கு ஆளானார். கரயான், ஷ்வார்ஸ்கோப்ஃப் இருவரும் கட்சி உறுப்பினராக இருந்தவர்கள். குண்டுவீச்சின் தழும்பு ஆறாத லண்டனில் இவர்கள் ஒன்றுகூடிப் பாட, அடிமை நாடாக இருந்த ஒரு தேசத்தின் சமஸ்தானத்துப் பணம் பயன்பட்டது. இதை மன்னிப்பு என்பதா, அறியாமை என்பதா? இரண்டும் அல்ல, வெறும் இசைப்பித்து என்றே நாம் நினைக்கிறோம்.

ஆனால் அந்தப் பணம் யாருடையது? மெட்னர் லண்டனில் பதிந்துகொண்டிருந்த அதே 1947இல், பொறுப்பாட்சி கேட்டு மைசூரில் ‘மைசூர் சலோ’ கிளர்ச்சி வெடித்தது. அக்டோபரில் மன்னர் இணங்க, கே.சி. ரெட்டி முதலமைச்சரானார். பின்னர் மன்னருக்கு ஆண்டு மானியமாக 26 லட்சம் ரூபாய் தீர்மானமாயிற்று. தட்டுகளின் அரக்கில் மண்டியா உழவரின் வியர்வையும் கலந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மறுக்க நம்மிடம் வாதம் இல்லை. அரண்மனைகளும் வேட்டைகளும் பந்தயக் குதிரைகளுமாகச் செலவழித்த சக மன்னர்களோடு ஒப்பிட்டுச் சமாதானம் சொல்லலாம். அது அரைச் சமாதானமே.

அதே 1950ஆம் ஆண்டை நம் ஊரிலிருந்து பார்த்தால் வேறு ஒலிகள் கேட்கின்றன. பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டனர். ஊர் எல்லையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஜி. ராமநாதனின் இசையில் ‘மந்திரி குமாரி’யை வெளியிட்டது. காவிரியின் ஒரே நீர்ப்பாதையில், மேலே ஸ்ட்ராஸின் இறுதிப் பாடல்களுக்காக ஓர் அரண்மனை காத்திருக்க, கீழே நம் பெற்றோர் தலைமுறை ராமநாதனின் மெட்டுகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது முறையா என்ற தயக்கம் எழுதும்போதே இருக்கிறது. இருப்பினும் ஓராண்டின் செவி என்பது இவை எல்லாம் சேர்ந்ததுதான்.

ஆல்பர்ட் ஹால் நிகழ்ச்சி பதிவானது அசிட்டேட் தட்டுகளில். சில முறை முள் ஓடினாலே தேய்ந்துவிடும் பொருள் அது. மிகவும் நைந்துபோன பிறகே முதன்முறை நெடுந்தட்டுக்கு மாற்றப்பட்டதால், அந்தப் பதிப்பைக் கேட்டவர்கள் நொந்துகொண்டார்கள். 2007இல் ரோஜர் பியர்ட்ஸ்லியும் 2014இல் ஆண்ட்ரூ ரோஸும் கணினித் துணைகொண்டு செப்பனிட்டனர். மெட்னரின் தட்டுகளுக்கு நேர்ந்தது வேறு விதமான விதி. அவை வெளிவந்து சில ஆண்டுகளுக்குள், 1952இல், எச்.எம்.வி.யின் தாய் நிறுவனமே நெடுந்தட்டுக்கு மாறிவிட்டது; கனத்த 78 சுழல் தொகுதிகளைத் தேடுவார் இல்லை. பின்னர் டெஸ்டமெண்ட் நிறுவனம் கான்செர்ட்டோக்களைக் குறுந்தகட்டில் கொண்டுவந்தது.

செப்பனிட்ட பிறகும் ஸ்ட்ராஸ் பதிவில் இரைச்சல் ஏராளம். அதைப் பொறுத்துக்கொண்டு கடைசிப் பாடல்வரை செல்பவர்களுக்கு ஒரு பலன் உண்டு. மரணத்தைப் பற்றிய வினாவோடு குரல் ஓய்ந்ததும், அறுபது ஆண்டுகளுக்கு முன் இளம் ஸ்ட்ராஸ் எழுதிய ‘மரணமும் உருமாற்றமும்’ என்னும் படைப்பின் மெட்டு வாத்தியங்களில் மெல்ல எழுகிறது. பிறகு இரண்டு வானம்பாடிகளாகப் புல்லாங்குழல்கள். அச்சான வரிசையில் ‘வசந்தம்’ முதலில் வரும். அன்று லண்டனில் ‘உறங்கச் செல்கையில்’, ‘செப்டம்பர்’, ‘வசந்தம்’, ‘அந்திச் சிவப்பில்’ என்ற வரிசையில் பாடினார்கள். குறுந்தகட்டில் வரிசை மாறியிருந்தால், நண்பர்கள் இந்த வரிசையிலேயே ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.