கப்பல் சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நைனாவுக்கு ஒரு கப்பல் பயணம் பரிசாக வந்தது. கனகம்மாசத்திரத்தில் மெயின் ரோட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு சிமென்ட் கடை இருக்கிறது. அந்த வருஷம் அதிக மூட்டை விற்ற டீலர்களை கம்பெனி சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து மூன்று ராத்திரி கப்பலில் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. விஷயம் தெரிந்ததும் தெருவே வந்து விசாரித்தது. ஆயா மட்டும், "தண்ணி மேல போறதுக்கு எதுக்குடா பரிசு, அந்தக் காலத்துல கடனுக்குப் போனானுங்க" என்றார்.

பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெரிய சாப்பாட்டு ஹாலுக்கு அரை டிராயர், கையில்லாத பனியன், ரப்பர் செருப்போடு வரக்கூடாது. ஒரு நாள் 'ஃபார்மல் நைட்': கோட்டு அல்லது முழுக்கைச் சட்டை, பேண்ட், ஷூ. சாப்பாட்டில் இந்தியன் வெஜ், ஜெயின், ஹலால் என்று பிரிவு, எது வேண்டுமென்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் வாசித்துச் சொல்லச் சொல்ல நைனா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "வேட்டி இதுல எங்கடா வருது?"

வேட்டி கூடாதென்று தாளில் இல்லை. கட்டலாமென்றும் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடப்போய்தான் இதையெல்லாம் படித்தேன்.

எங்கள் ஊர் சென்னை–திருப்பதி சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயரிலேயே ஒரு சத்திரம். ஆடிக் கிருத்திகைக்கு மஞ்சள் துணி கட்டிக் காவடி தூக்கித் திருத்தணிக்கு நடப்பவர்களுக்கு இன்றைக்கும் வழியெல்லாம் பந்தல் போட்டுச் சோறு போடுகிறார்கள். யார் என்னவென்று பந்தலில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பழைய சத்திரங்கள் அப்படி இல்லை. யார் எந்தப் பந்தியில் உட்காரலாம், யாருக்குத் திண்ணையோடு சரி என்பதற்கு ஒவ்வொன்றிலும் ஒரு விதி இருந்தது. அந்த விதியைச் சுவரில் எழுதி வைக்க வேண்டியதில்லை, உடம்பிலேயே எழுதியிருந்தது: குடுமி, பூணூல், நாமம், மேல்துண்டு இருக்கும் இடம். பெரியார் இளவயதில் காசிக்குப் போய்ப் பசியோடு ஒரு சத்திரத்தில் நுழையப் பார்த்த கதை எல்லோருக்கும் தெரியும். பூணூல் போட்டுக்கொண்டு போயும் மீசை காட்டிக்கொடுத்துவிட்டது. டிரஸ் கோட் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த மீசைதான்.

கடல் நமக்குப் புதிது இல்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகள், கடலைத் தாண்டிப்போய்க் கடாரத்தைப் பிடித்த படையைப் பற்றிப் பேசுகின்றன. படை என்ன சாப்பிட்டது என்று செப்பேட்டில் இல்லை, ராஜாக்களுக்கு அது முக்கியமில்லை. இன்னொரு பக்கம், கடற்பயணத்தைச் சாதி இழக்க வைக்கும் குற்றங்களில் ஒன்றாகப் போதாயன தர்மசூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே நாட்டில்தான் புழங்கின. கடலுக்குப் பயந்தார்கள் என்பதைவிட, கப்பலில் யார் சமைத்ததை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்குப் பயந்தார்கள் என்பதே என் எண்ணம். சத்திரத்தில் பந்தியைப் பிரித்துப் போடலாம், கப்பலில் இடம் ஏது?

அந்தப் பயம் முதலில் உடைந்தது படித்தவர்களிடம் அல்ல. 1860 அக்டோபர் 12ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு மெட்ராஸிலிருந்து கிளம்பி நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் போய் நின்றது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் எழுதிய பட்டியல்கள் இன்றைக்கும் இருக்கின்றன. அதற்குப் பின்னால் வந்த வருஷங்களில் நேட்டாலுக்கு நிறைய ஆட்களை அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று வட ஆற்காடு. திருத்தணி அப்போது அந்த ஜில்லாவில்தான் இருந்தது. 1911இல் சித்தூர் ஜில்லாவுக்குப் போய், 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் மெட்ராஸ் மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. ஆகவே அந்தப் பட்டியல்களில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஆயா சொன்ன "கடனுக்குப் போனவங்க" அவர்களாக இருக்கலாம்.

அந்தக் கப்பல்களில் அரிசி, பருப்பு எல்லாம் அளந்துதான் போட்டார்கள். அளவைச் சட்டமே சொன்னது. எல்லாரும் சாப்பிட வேண்டுமே என்று சமையலுக்கு மேல்சாதியில் ஆள் தேடுவது வழக்கம். ஆனாலும் ஒரே அடுப்பு, ஒரே தளம். வாரக்கணக்கில் அப்படிச் சாப்பிட்டு இறங்கியவர்களிடம் பந்தி விதி பழையபடி செல்லுபடியாகவில்லை. கல்கத்தாவிலிருந்து போனவர்கள் ஒருவரையொருவர் 'ஜஹாஜி பாய்' என்று அழைத்தார்கள், கப்பல் அண்ணன் தம்பி என்று அர்த்தம். சீர்திருத்தம் என்ற பெயரில்லாமல், யாரும் மேடை போட்டுப் பேசாமல் நடந்த சமபந்தி அது. நடந்ததற்குக் காரணம் கருணையல்ல, செலவு. அதையும் மறக்கக் கூடாது.

உடை விஷயம் கரையேறிய பிறகும் துரத்தியது. நேட்டாலில் ஒப்பந்தக் கூலி வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனால் தலைப்பாகையைக் கழற்ற வேண்டும். 1894இல் முதலாளியிடம் அடிபட்டு, முன்பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு ஒரு தமிழர் வக்கீலைத் தேடி வந்தார். பெயர் பாலசுந்தரம். அந்த நிலைமையிலும் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தாராம். வக்கீல் காந்தி அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு வருஷம் முன்னால் டர்பன் கோர்ட்டில் அதே காந்தியைத் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார்கள், அவர் எடுக்க மறுத்து வெளியே வந்தவர்.

அந்தக் காந்தியின் முதல் கப்பல் பயணம்தான் நைனாவின் கேள்விக்கு மிக நெருக்கமானது. 1888 செப்டம்பர் 4ஆம் தேதி பம்பாயில் 'கிளைட்' கப்பல் ஏறினார். (மறுநாள், செப்டம்பர் 5ஆம் தேதி, எங்கள் திருத்தணியில் ராதாகிருஷ்ணன் பிறந்தார் என்பது பதிவு. இந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏக சந்தோஷம், வேறொரு பிரயோஜனமும் இல்லை.) பதினெட்டு வயசுப் பையனுக்கு முள்கரண்டி பிடிக்கத் தெரியாது. எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லை என்று பரிசாரகனிடம் கேட்கக் கூச்சம். அதனால் சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தையும் பழத்தையும் அறையிலேயே உட்கார்ந்து தின்றார். கப்பலில் கறுப்பு சூட். வெள்ளை ஃபிளானல் சூட்டை மட்டும் இறங்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரமாக மடித்து வைத்திருந்தார். செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால், வெள்ளையில் வந்தவர் அவர் ஒருவர்தான். பின்னாளில் அவரே இதைச் சிரிப்போடு எழுதினார். எழுதியதற்குச் சில வருஷம் முன்னால், 1921 செப்டம்பரில், மதுரையில் வைத்து அந்த உடை வரிசையையே முடித்து அரைத்துணிக்கு மாறியிருந்தார். 1931இல் அதே கோலத்தில் பக்கிங்ஹாம் அரண்மனைத் தேநீருக்கும் போனார். எல்லோருக்கும் அது வாய்க்காது. காந்தி என்று பெயர் எடுத்த பிறகு அரைத்துணி போதும், அதற்கு முன்னால் ஃபிளானல்.

ராமானுஜன் விஷயம் இப்படிச் சிரிப்பில் முடியவில்லை. 1914 மார்ச் 17ஆம் தேதி மெட்ராஸ் துறைமுகத்தில் 'நெவாசா' கப்பல் ஏறினார். அதற்குச் சில நாள் முன்னால் அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். குடுமியை எடுத்துவிட்டுக் கோட்டு, பேண்டில் நிற்கும் பிள்ளையை அம்மா பார்க்கக் கூடாது என்பதற்காக. காலர் கட்டவும் கத்தி, முள்கரண்டி பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஏப்ரல் 14ஆம் தேதி லண்டனில் இறங்கினார். கேம்பிரிட்ஜில் ஷூ காலைக் கடித்ததால் அறைக்குள் செருப்புதான். கல்லூரிப் பொதுச் சாப்பாட்டைத் தவிர்த்துத் தானே சமைத்தார். யுத்த காலத்தில் காய்கறி தட்டுப்பாடு, உடம்பு போய்விட்டது. 1919இல் திரும்பி வந்தார், மறு வருஷம் இறந்தார். கடல் தாண்டியவர் என்பதால் உறவுக்காரர்கள் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்பார்கள். குடுமியை எடுத்ததும் ஒரு சபைக்காக, சாவுக்கு வராமல் போனதும் ஒரு சபைக்காக.

ராதாகிருஷ்ணன் 1926இல் கேம்பிரிட்ஜ் மாநாட்டுக்கும் ஹார்வர்டு தத்துவ மாநாட்டுக்கும் போனபோது வேறு வழி வைத்திருந்தார். கழுத்து மூடிய நீளக் கோட்டு, தலைப்பாகை, சைவச் சாப்பாடு. வெள்ளைக்காரர் கண்ணுக்கு அது மரியாதையான உடை, நம் ஆளுக்கும் குறையில்லை. மேல்வகுப்பு இந்தியர் பலர் கண்டுபிடித்த சமரசம் அது. நம்மூர் சத்திரத்தில் அந்தக் கோட்டு மேல்சட்டை, அவர்கள் கண்ணில் ராஜாங்க உடை.

பெரிய கப்பல் கம்பெனிகளில் முதல் வகுப்பு என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உடை மாற்றியே தீர வேண்டும், செங்கடல் புழுக்கத்திலும். கிளம்பின முதல் ராத்திரிக்கும் கடைசி ராத்திரிக்கும் மட்டும் விலக்கு, பெட்டி கட்டிக் கிடக்கும் என்று. அந்த விலக்கு இன்றைய உல்லாசக் கப்பல்களிலும் அப்படியே இருக்கிறது. நைனாவின் தாளிலும் 'ஃபார்மல் நைட்' இரண்டாம் நாளில்தான் இருந்தது.

நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மேஜைப் பிரச்சினையே கிடையாது. 1926இல் கட்டிய 'ரஜூலா' மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேல் டெக் பயணிகளை ஏற்ற அனுமதி. மலேயாவில் மாமா, சித்தப்பா இருக்கும் எந்தக் குடும்பத்திலும் இந்தப் பெயர் தெரியும். மேலே சில பேருக்கு மேஜை, துணி விரிப்பு, பரிசாரகன். டெக்கில் பாய், தகரப் பெட்டி, வரிசை, கையில் தட்டு. அங்கே யாரும் வேட்டியைக் கேள்வி கேட்கவில்லை. விதி இருப்பது நாற்காலி இருக்கும் இடத்தில்தான். ரஜூலாவுக்குப் பின்னால் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்த வழியே முடிந்தது. இப்போது சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம், தட்டைக் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள்.

கரையில் என்ன ஆயிற்று? ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்பது 1941 வாக்கில்தான் ஒழிந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயில் 'பிராமணாள்' பலகைக்காக 1957இல் மறியல் நடந்தது. இதெல்லாம் பழைய கதை என்று நினைக்கும்போது, 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்புக்கு ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை வேட்டி கட்டியிருந்தார் என்று உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்குத் தடை போடும் கிளப்புக்கு உரிமம் போகும், பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். இதை நைனாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "ஜட்ஜுக்கே அப்டியா? அப்ப நம்மளுக்கு?" என்றார். சட்டம் தமிழ்நாட்டுக்கு மட்டும், கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிறது என்றேன். அந்த ஜட்ஜை விடாதது எனக்கு அப்போதும் கோபம், இப்போதும் கோபம். ஆனால் அதே ஊரில் வேட்டியே கட்டியிருந்தாலும் உள்ளே விடாத பந்திகள் நூறு வருஷம் இருந்தன, அவற்றுக்காக ஒரே மாதத்தில் சட்டம் வரவில்லை என்பதும் உடனே ஞாபகம் வருகிறது.

கடைசியில் திருவள்ளூரில் ஒரு கறுப்பு பேண்டும் ஷூவும் வாங்கினோம். நைனா அவற்றோடு ரெண்டு எட்டு முழ வேட்டியையும் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஆயா ஒரு டப்பா முறுக்கு கொடுத்தார்.

ஃபார்மல் நைட் போட்டோ வந்தது. மற்ற டீலர்கள் கோட்டில். நைனா வெள்ளைச் சட்டை, வேட்டி, கீழே அந்தக் கறுப்பு ஷூ. செருப்பு கூடாதென்று தாளில் இருந்ததே. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று போனில் கேட்டேன்.

"ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலடா. வணக்கம் சொல்லி நாற்காலியெல்லாம் இழுத்துப் போட்டான். நல்ல பையன்."

"மத்த நாள்லயும் அங்கதான் சாப்ட்டியா நைனா?"

கொஞ்ச நேரம் கடல் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது.

"இல்ல. ரூம்லயே பழம் இருந்துது. ஆயா குடுத்த முறுக்கும் இருந்துது."