டாரட் சீட்டின் நான்கு இனங்கள்: நெருப்பு, நீர், காற்று, மண் வந்து சேர்ந்த கதை

கைப்பேசியைத் திறந்தால், "இந்த மூன்று சீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உங்கள் எதிர்காலத்தைச் சொல்கிறோம்" என்று அழைக்கும் காணொளிகள் இன்று சாதாரணமாகிவிட்டன. அவற்றைப் பார்க்கும் பிள்ளைகள், "இது பழங்கால எகிப்தின் ஞானமாமே, உண்மையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். "அது ஹராம், பார்க்காதே" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சீட்டு எங்கிருந்து வந்தது, அதற்கு அர்த்தம் சொன்னவர்கள் யார் என்பதை அறிந்து பதில் சொன்னால், அந்தப் பதில் பிள்ளையின் மனதில் நிற்கும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

டாரட் கட்டில் இருப்பவை

ஒரு டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 22 தனிப் படச் சீட்டுகள். மீதி 56 சீட்டுகள் நான்கு இனங்களாகப் பிரிகின்றன. ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகளும், ராஜா, ராணி, குதிரை வீரன், பணியாள் என நான்கு ஆள் சீட்டுகளும் சேர்த்து 14 இருக்கும்.

நமக்குத் தெரிந்த சாதாரணச் சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள், இனத்துக்கு 13. இதில் குதிரை வீரன் இல்லை. பணியாளின் இடத்தில் ஜாக்கி இருக்கிறார். ஜோக்கரை டாரட்டின் 'முட்டாள்' சீட்டின் வாரிசு என்று பலர் நினைப்பார்கள். அது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒரு சீட்டு விளையாட்டுக்காகச் சேர்க்கப்பட்டவர்தான் ஜோக்கர்.

குறி சொல்பவர்கள் பெரும்பாலும் பின்பற்றும் பட்டியல் இது:

* கோப்பை: ஆட்டின். நீர். அன்பு, உறவு, உணர்ச்சி.
* வாள்: இஸ்பேட். காற்று. சிந்தனை, பேச்சு, சச்சரவு.
* கோல்: கிளாவர். நெருப்பு. ஊக்கம், முயற்சி.
* நாணயம்: டைமண்ட். மண். பணம், தொழில், உடல்நலம்.

இந்தப் பட்டியலில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. வாளை நெருப்பு என்றும் கோலைக் காற்று என்றும் மாற்றிச் சொல்பவர்கள் உண்டு. டைமண்டையும் கிளாவரையும் இடம் மாற்றுபவர்களும் உண்டு.

பெயர்களில் இருக்கும் தடயம்

இரண்டு கட்டுகளுக்கும் உள்ள உறவு கற்பனையல்ல. இத்தாலிய மொழியில் 'ஸ்பாடா' என்றால் வாள். ஸ்பானிய மொழியில் 'எஸ்பாடா'. ஆங்கிலத்தின் 'ஸ்பேட்' என்ற சீட்டுப் பெயரின் வேர் இதுதான். நாம் அதை இஸ்பேட் என்கிறோம். அந்தக் கறுப்பு இலை வடிவத்துக்குள் ஒரு பழைய வாள் ஒளிந்திருக்கிறது. அதேபோல, மூன்று இதழ் கொண்ட இலைக்கு ஆங்கிலத்தில் 'கிளப்', அதாவது தடி, என்று பெயர். படம் மாறிய பிறகும் கோலின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் இதயம், டைமண்ட், இலை வடிவங்கள் வந்தன. அச்சுத் தகடு வைத்து ஒரே நிறத்தில் எளிதாகத் தீட்ட முடிந்ததால் அவை மலிவாகி, உலகெங்கும் பரவின. அதற்கு முன் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கோப்பை, நாணயம், வாள், கோல் ஆகியவைதான் எல்லாச் சீட்டுக்கும் பொதுவான சின்னங்கள்.

மம்லூக்குகளின் சீட்டு

அந்த நான்கு சின்னங்கள் ஐரோப்பாவுக்கு எங்கிருந்து வந்தன? எகிப்தையும் சிரியாவையும் 1250 முதல் 1517 வரை ஆண்ட மம்லூக்குகளின் நாட்டிலிருந்து. இஸ்தான்புல்லின் டோப்காபி அரண்மனையில் மம்லூக் சீட்டுக்கட்டு ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அதைப் பற்றி எல்.ஏ. மேயர் என்ற ஆய்வாளர் 1939இல் எழுதினார். அதிலுள்ள நான்கு இனங்கள்: கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை.

மம்லூக் அரசவையைத் தெரிந்தவர்களுக்கு இவை புதியவையல்ல. சுல்தானுக்குப் பானம் பரிமாறும் 'சாகீ'யின் சின்னம் கோப்பை. வாள் ஏந்தும் 'சிலாஹ்தார்' அதிகாரியின் சின்னம் வாள். போலோ மட்டைகளைப் பொறுப்பேற்ற 'ஜூகன்தா'ரின் சின்னம் மட்டை. அமீர்களின் இந்தச் சின்னங்களை அக்காலக் கட்டடங்களிலும் பாத்திரங்களிலும் இன்றும் காணலாம்.

அந்தச் சீட்டுகளில் மனித உருவம் கிடையாது. மலிக், நாயிப் மலிக், இரண்டாம் நாயிப் என்ற பதவிகள் அழகிய எழுத்தில் மட்டும் பொறிக்கப்பட்டுள்ளன. 'நாயிப்' என்ற அந்த அரபுச் சொல்லிலிருந்தே ஸ்பெயினில் சீட்டுக்கு 'நைப்பே' என்ற பெயர் வந்தது. ஃபுளோரன்ஸ் நகரம் 1377இல் சீட்டாட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, ஆவணத்தில் அதை 'நைப்பே' என்றே குறித்தது. ஐரோப்பியர்களுக்கு அப்போது போலோ தெரியாது. அதனால் மட்டை வெறும் கோலாகிவிட்டது.

இந்த நான்கு இனங்களோடு படச் சீட்டுகளைச் சேர்த்து, வட இத்தாலியில் 1440ஐ ஒட்டி உருவானதுதான் டாரட். அது ஒரு விளையாட்டு. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அதை விளையாட்டாகவே ஆடுகிறார்கள்.

குறி எப்போது வந்தது?

சுமார் 340 ஆண்டுகள் கழித்து, 1781இல், கூர் து ஜெபலென் என்ற பிரெஞ்சுக்காரர், டாரட் என்பது பண்டைய எகிப்தியப் பூசாரிகள் மறைத்து வைத்த நூல் என்று எழுதினார். ஆதாரம் எதுவும் தரவில்லை. எகிப்தின் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் வாசித்துக் காட்டியதே 1822இல்தான். யாராலும் படிக்க முடியாத எழுத்தின் பெயரால் கட்டப்பட்ட கதை அது.

அதே காலத்தில் அலியெத் என்பவர், தம் பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'எத்தேயா' என்று வைத்துக்கொண்டு, சீட்டில் குறி சொல்வதைத் தொழிலாக்கினார். 1850களில் எலிஃபாஸ் லேவி சீட்டுகளை ஹீப்ரு எழுத்துகளோடும் நான்கு மூலகங்களோடும் இணைத்து எழுதினார். 1888இல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' என்ற இரகசியச் சங்கம் அந்தப் பட்டியலை இன்றைய வடிவில் நிலைப்படுத்தியது. அந்தச் சங்கத்தில் இருந்த வெயிட் சொல்ல, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டு 1909இல் வெளியானது. அதற்கு முந்தைய பெரும்பாலான கட்டுகளில், மூன்றாம் வாள் சீட்டில் மூன்று வாள்கள் மட்டுமே இருக்கும். மூன்று வாள்கள் துளைத்த இதயம் என்று இன்று காணொளிகளில் காட்டப்படும் படம் இந்த 1909 கட்டினால் பரவியதுதான்.

நான்கு மூலகம் என்ற கருத்து மட்டும் மிகப் பழையது. கிரேக்க அறிஞர் எம்பெடோக்ளிஸ் சொன்ன அதை, இப்னு சீனா தம் மருத்துவ நூலில் எடுத்தாண்டார். யூனானி மருத்துவத்தில் நார், ஹவா, மா, அர்ழ் என்று இன்றும் அது இருக்கிறது. அது உலகப் பொருள்களையும் உடலையும் விளக்க எழுந்த கருத்து. சீட்டோடு அதற்கு எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

பிள்ளைகளிடம் சொல்ல

ஆக, 'பழங்கால எகிப்து' என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. ஆனால் அது ஃபிர்அவ்ன்களின் எகிப்து அல்ல, மம்லூக்குகளின் எகிப்து. அங்கிருந்து போனது ஞானமும் அல்ல, ஒரு விளையாட்டு. அதன் மீது அர்த்தங்களை ஏற்றியவர்கள் பிற்கால ஐரோப்பியர்கள்.

குறி அம்புகளையும் சூதாட்டத்தையும் விட்டு விலகும்படி திருக்குர்ஆனின் 5:90ஆம் வசனம் கட்டளையிடுவதை நாம் அறிவோம். அம்பின் இடத்தில் அட்டை வந்ததால் குறி கேட்பது வேறொன்றாகிவிடாது. தேர்வு முடிவையோ திருமணத்தையோ எண்ணிக் கவலைப்படும் பிள்ளைதான் அந்தக் காணொளியில் நின்று பார்க்கிறது. அந்தக் கவலையை முதலில் காது கொடுத்துக் கேட்போம். சீட்டின் வரலாற்றைப் பிறகு சொல்வோம். மறைவானவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.