வீட்டுப் பேச்சைக் கேட்ட குரு



பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் கூடியிருந்தவர்கள் ஏன் வியந்தார்கள்? அவரவர் சொந்த மொழியிலேயே நற்செய்தியைக் கேட்டதால்தான். தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழிக்கு மாற்றிவிடவில்லை. ஆனால் அதே விவிலியத்தில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. நீதித் தலைவர்கள் நூல் 12ஆம் அதிகாரத்தில், யோர்தான் ஆற்றுத் துறையில், 'ஷி' என்ற ஒலியை 'சி' என்று உச்சரித்த எப்ராயிம் மக்கள் பிடித்துக் கொல்லப்பட்டனர். அந்தப் போரில் மடிந்தவர்கள் 42,000 பேர் என்கிறது அந்நூல்.

மற்றவர் நம்மைப்போல் பேசாதபோது நாம் என்ன செய்கிறோம்? பிரான்ஸ் நாட்டில் வாழ்ந்த இரண்டு குருக்கள் இக்கேள்விக்கு இருவேறு விடைகளைத் தந்தார்கள்.

முதலாமவர் ஆன்ரி கிரெகுவார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தவர். அடிமைமுறையை எதிர்த்தவர், யூதர்களின் உரிமைக்காகப் போராடியவர். நாட்டில் என்னென்ன வட்டாரப் பேச்சுகள் வழங்குகின்றன என்று 1790இல் கேள்விகளை அனுப்பி விசாரித்தார். 1794இல் நாட்டின் மக்கள் பேரவையில் தம் அறிக்கையை வாசித்தார். குறைந்தது 60 இலட்சம் பேருக்குத் தேசிய மொழி தெரியாது என்றார். சட்டம் எல்லாருக்கும் புரிய வேண்டும் என்ற அவருடைய கவலை நியாயமானதுதான். ஆனால் அதற்கு அவர் சொன்ன வழி, 'பத்துவா' எனப்பட்ட வட்டாரப் பேச்சுகளை அடியோடு ஒழிப்பது.

பின்வந்த நூற்றாண்டில் பள்ளிகள் அந்த வழியில் நடந்தன. வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டால், பல ஊர்ப் பள்ளிகளில் பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டையையோ பழைய மரச் செருப்பையோ தொங்கவிட்டார்கள். அடுத்து யார் அப்படிப் பேசுகிறாரோ, அவர் கழுத்துக்கு அது மாறும். தாய் கற்றுக்கொடுத்த சொல்லுக்காகப் பிள்ளை வெட்கப்பட்டது. பக்கத்துப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவும் கற்றுக்கொண்டது.

அந்த நூற்றாண்டில்தான், 1846இல், சராந்த் பகுதியில் ஒரு சிற்றூரில் ழான்-பியர் ரூஸ்லோ பிறந்தார். குருவாகி, பாரிஸில் மொழியியல் கற்றார். மொழியை ஆராய்கிறவர்கள் அந்நாளில் பெரும்பாலும் பழைய ஏடுகளைத்தான் புரட்டினார்கள். ரூஸ்லோ உயிரோடு பேசுகிற மக்களிடம் போனார். செல்ஃப்ரூவான் என்ற கிராமத்தில் ஒரே ஒரு குடும்பத்தின் பேச்சை எடுத்துக்கொண்டார். அது அவருடைய சொந்தக் குடும்பம்.

காது மட்டும் போதாது என்று கருவிகளையும் பயன்படுத்தினார். புகைக்கரி படிந்த தாள் சுற்றிய ஓர் உருளை மெதுவாகச் சுழலும். பேசுகிறவரின் மூச்சு ஒரு குழாய் வழியே சென்று மெல்லிய தோலை அசைக்கும். அதனோடு இணைந்த சிறு முள், கரியின்மேல் கோடு கீறும். நாக்கு அண்ணத்தில் எங்கே தொடுகிறது என்று பார்க்க, சுண்ணப்பொடி தடவிய மெல்லிய தகட்டை வாய்க்குள் பொருத்துவார். நாக்கு தொட்ட இடத்தில் பொடி அழிந்துபோகும்.

இந்த ஆய்வு 1891இல் நூலாக வெளிவந்தது. அவர் கண்டது என்ன? ஒரே குடும்பத்திலேயே மூத்தவர்கள் ஒலிப்பதும் இளையவர்கள் ஒலிப்பதும் ஒன்றல்ல. இந்த மாற்றம் சிறுகச் சிறுக நடக்கிறது. பேசுகிறவர்கள் அதை உணர்வதே இல்லை. சோம்பலாலோ அறியாமையாலோ வரும் பிழை அல்ல அது. எல்லா மொழிகளும் இப்படித்தான் வளர்ந்து வந்திருக்கின்றன. நேர்த்தியான பிரெஞ்சு என்று பள்ளியில் போற்றப்பட்டதும்கூட, ஒரு காலத்தில் இலத்தீன் மக்கள் வாயில் மாறி மாறி உருவானதுதானே!

1897இல் பாரிஸின் புகழ்பெற்ற கொலேஜ் தெ பிரான்ஸ் நிறுவனத்தில் பேச்சொலி ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கப்பட்டது. ரூஸ்லோ அங்கே பணியாற்றினார். செவித்திறன் குறைந்தோருக்கும், பிரெஞ்சு உச்சரிப்பைக் கற்க வந்த வெளிநாட்டவருக்கும் அந்த அறிவு பயன்பட்டது. 1924இல் அவர் இறந்தார். பேச்சைக் கருவி கொண்டு ஆராயும் துறையின் தந்தை என்று இன்றும் அவரை மொழியியலார் மதிக்கின்றனர்.

இருவரும் குருக்கள், இருவரும் கற்றவர்கள், இருவருமே மக்களுக்கு நன்மையை நாடியவர்கள். கிரெகுவார் மக்களின் பேச்சைப் பற்றி விசாரித்தார், அதை ஒழிப்பதற்காக. ரூஸ்லோ அதை அமர்ந்து கேட்டார், அறிந்துகொள்வதற்காக. எல்லாருக்கும் பொதுமொழி ஒன்று வேண்டும் என்பதில் தவறில்லை. அதைக் கற்றுக்கொடுக்க, வீட்டு மொழியை அவமானப்படுத்தத் தேவையில்லை.

அன்பானவர்களே, தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சுதான். அந்தப் பேச்சோடுதான் ஆண்டவர் அவரைத் தம் மந்தையின் மேய்ப்பராக்கினார். நம் பங்கிலோ, வாசகம் வாசிக்க வரும் ஒருவரின் ஊர்ப் பேச்சைக் கேட்டு நாம் சிரித்துவிடுகிறோம். 'ழ' வராத பிள்ளையை நாலுபேர் முன் கேலி செய்கிறோம். பாட்டி பேசுவது பட்டிக்காட்டுத்தனம் என்று பேரப்பிள்ளைகள் ஒதுக்கும்போது பேசாமல் இருந்துவிடுகிறோம். அந்தப் பழைய மரச் செருப்பை இன்று நாமே பிறர் கழுத்தில் மாட்டுகிறோம்.

இந்த வாரம் நம் வீட்டுப் பெரியவர்கள் அருகில் சற்று நேரம் அமர்வோம். அவர்களிடம் மட்டுமே மிஞ்சியிருக்கும் சொற்களைக் கேட்போம். பொருள் கேட்டு எழுதி வைப்போம், கைப்பேசியில் அவர்கள் குரலைப் பதிந்தும் வைப்போம். அடுத்த முறை ஒருவர் நம்மைப்போல் பேசாதபோது, திருத்துவதற்கு முன் அவர் சொல்ல வந்ததை முழுவதும் கேட்போம். ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் பேசிய தூய ஆவியார், கேட்கும் செவியை நமக்குத் தருவாராக.