போதையிலிருந்து மீண்ட பிள்ளை கல்லூரிக்குத் திரும்பும்போது: கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

தஞ்சை மாவட்டத்தில் நம் குடும்பங்கள் சிலவற்றில் நடப்பது இது. கஞ்சாவிலோ போதை மாத்திரையிலோ சிக்கிய பிள்ளை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறான். ஊருக்குத் தெரியக் கூடாதென்று மருத்துவமனைச் சீட்டுகளைக் கிழித்துவிட்டு, கல்லூரிக்கு 'மஞ்சள் காமாலை' என்று சான்றிதழ் வாங்கிக் கொடுக்கிறோம். பிள்ளையின் குறையை ஊரில் பரப்பாமல் மறைப்பது மார்க்கம் விரும்பும் பண்பு. பொய்ச் சான்றிதழ் அதில் சேராது. நாளை உண்மையான உதவி தேவைப்படும்போது காட்ட எதுவும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிடும் 21 வகைகளில் போதைப் பழக்கம் தனி வகையாக இல்லை, மனநோய் இருக்கிறது. ஆகவே மீண்டவர் என்பதற்காக மட்டும் ஊனச் சான்றிதழ் கிடைக்காது. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு போன்றவை நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தால், அரசு மருத்துவக் குழுவிடம் மதிப்பீடு கோரலாம். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்கு இச்சட்டம் வழி செய்கிறது. 40 சதவீதத்துக்குக் குறைவு என்பதற்காகவே தேர்வெழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஊனச் சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் வருகைக் குறைவு, விடுப்பு ஆகியவற்றுக்கு மருத்துவரின் கடிதம் உதவும்.

பத்திரப்படுத்த வேண்டியவை

1. சேர்ந்த நாள், வெளியேறிய நாள் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி. சிகிச்சை பெற்ற இடம் அரசு மருத்துவமனையாகவோ பதிவு பெற்ற மையமாகவோ இருக்க வேண்டும்.
2. தொடர் சிகிச்சைக்குச் சென்ற தேதிகள் உள்ள ஓ.பி. சீட்டுகள், மருந்துச் சீட்டுகள்.
3. மனநல மருத்துவரின் கடிதம். மருந்தால் காலையில் தூக்கம், கவனக்குறைவு, மாதம் ஒருநாள் பரிசோதனை என்று படிப்பைப் பாதிப்பவற்றையும், தேவைப்படும் ஏற்பாட்டையும் அது சொன்னால் போதும். முழு வரலாற்றையும் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டியதில்லை.
4. கல்லூரி முதல்வருக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், பெற்றுக்கொண்ட கையொப்பத்துடன்.

சீட்டுகள் தொலைந்திருந்தால் மருத்துவமனையில் கேளுங்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோயில் சேர்க்கிறது. தன் சிகிச்சைப் பதிவைப் பெறும் உரிமையையும், அது ரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் தருகிறது.

போலீஸ் பயத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறுபவருக்குப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அதை இழக்க நேரலாம். அங்கேயும் கேட்கப்படுவது இதே காகிதங்கள்தான்.

இலவச ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணை அழைக்கலாம். பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கும் கோப்பிலேயே இந்தச் சீட்டுகளையும் வையுங்கள்.