கப்பலடிக்கே போன ரயில்

இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் துறைமுகத்துக்கு எந்த வண்டியில் போவது என்று உல்லாசக் கப்பல் பிரயாணிகள் இன்று மூளையைக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர்களுடைய பாட்டனார்களுக்கு அந்தக் கவலை ஏது? 1892-ல் ரயில் கம்பெனியே துறைமுகத்தை விலைக்கு வாங்கிவிட்டது. லண்டன் வாட்டர்லூவில் ஏறினால் கப்பலின் அருகிலேயே இறங்கலாம். 1950-ல் திறந்த ஓஷன் டெர்மினலில் ரயில் கட்டடத்துக்குள்ளேயே நுழைந்தது. கீழே பிளாட்பாரம், மாடியிலிருந்து கப்பலுக்குப் பாலம். ராஜோபசாரந்தான்! ரயில் தாமதித்தால், அத்தனை பிரயாணிகளையும் விட்டுவிட்டுக் கப்பல் எப்படிக் கிளம்பும்?

ஆகாய விமானம் அந்தக் கூட்டத்தைக் கொண்டுபோயிற்று. 1983-ல் கட்டடத்தை இடித்தார்கள். அதே துறையில் 2009-ல் வேறொன்று எழுந்தது. ரயிலில் வருகிறவர் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டியதுதான். வழியில் ரயில் நின்றுவிட்டால் நஷ்டம் அவருக்கே. நானாக இருந்தால் முதல் நாளே போய், அங்கே ஓர் இரவு தங்கிவிடுவேன்.