கொடுமணலும் குஜராத் கல்லும்

நம்ம பொத்தேரி, தாம்பரம் பக்கத்துப் பாறையில அகேட் கல்லைத் தேடிப் போனா வெறுங்கையோடதான் திரும்பணும் மக்களே. பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் சார்னோகைட் பாறை. எரிமலைக் குழம்பு இறுகின பாறையில காத்துக் குமிழி விட்ட பொந்துக்குள்ள சிலிக்கா கலந்த தண்ணி இறங்கி, அடுக்கடுக்கா உறைஞ்சுதான் பெரும்பாலும் அந்த வரி வரியான அகேட் உருவாகும்.

கொங்கு நாட்டுப் பாறையும் அந்த வகை இல்லை. ஆனா அங்க, ஈரோடு மாவட்டத்துல, நொய்யல் கரையில, மழை குறைஞ்ச மேட்டு நிலத்துல கொடுமணல்னு ஒரு ஊர் இருக்கு. பதிற்றுப்பத்துல வர்ற கொடுமணம் இதுதான்னு அறிஞர்கள் சொல்றாங்க. 1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு ஆரம்பிச்சப்போ, 2000 வருசத்துக்கும் முந்தின அகேட், சூதுபவள மணிகள் கிடைச்சது!

எங்கேருந்து வந்துச்சாம்? பெரில் கல் பக்கத்துல படியூர்லயே உண்டு. அகேட்டும் சூதுபவளமும் குஜராத்லேருந்து வந்திருக்கணும்ங்கறது ஆய்வாளர்கள் கருத்து. அங்க நர்மதைப் பக்கம் ரத்தன்பூர்ல தோண்டி எடுக்கறப்போ கல் மங்கலாத்தான் இருக்கும். வெயில்ல காயவெச்சு, பானையில மெதுவா சூடு காட்டினா உள்ள இருக்கற இரும்பு செவந்து சூதுபவளம் ஆயிடும்.

சரி, மணியாவே வாங்கிட்டு வந்திருக்கலாமே? இங்கதான் விசயமே இருக்கு. கொடுமணல்ல முழு மணியோட சேர்த்து, பாதி தேய்ச்சது, துளை போடாதது, துளைக்கறப்போ உடைஞ்சது, செதுக்கின சில்லுன்னு எல்லாமே கிடைச்சது. அதனாலதான் அது பட்டறை இருந்த ஊர்னு அடிச்சுச் சொல்ல முடியுது. நம்ம பொட்டி தட்டற பாஷையில சொன்னா, முழு மணி அவுட்புட், சில்லு லாக் ஃபைல் :-)

பழைய ஊர்மேட்டுல மழை பெஞ்சா மண்ணு கரைஞ்சு மணி மேல வந்துடும். கலர் கல் சேர்க்கறவங்க பளபளப்பானதைப் பொறுக்கிட்டுப் போயிடறாங்க. எந்தக் குழியில, எந்த மண்ணடுக்குல, எது பக்கத்துல கிடந்ததுங்கற தகவல் அதோட போச்சு. அப்புறம் அது வெறும் அழகான கல். எந்த ஊர், எந்தக் காலம்னு அதால சொல்ல முடியாது.

அதனால எங்கயாவது ஊர்மேட்டுல செவப்பா ஒண்ணு மின்னுச்சுன்னா, போட்டோ எடுங்க, இடத்தைக் குறிச்சுக்கோங்க, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. கல்லை மட்டும் அங்கயே விட்டுடுங்க சாமி!